மல்டிப்ளையர் ரீலில் பிரெய்டு நரம்பு: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

தூண்டில் மீன்பிடிக்கு, வீசும்போது ஸ்பூலே (நரம்பு சுற்றும் உருளை) சுழன்று நரம்பைக் கொடுக்கும் மல்டிப்ளையர் ரீலைப் புதிதாக வாங்கியவர்கள் முதல் மாதத்தில் ரீலைத்தான் குறை சொல்வார்கள். பிரேக் சரியில்லை, பேரிங் சரியில்லை, டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடி) பிடிக்கவில்லை என்பார்கள். கழற்றிப் பார்த்தால் ரீலில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதில் சுற்றியிருக்கும் பிரெய்டுதான், அதாவது மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த நரம்புதான், காரணம். இன்னும் சரியாகச் சொன்னால், அதைச் சுற்றிய விதம்.

நைலான் நரம்பு நமக்குத் தெரியாமலே மூன்று வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. இழுத்துச் சுற்றும்போது நீண்டு, பிறகு சுருங்கி ஸ்பூலை இறுகப் பிடித்துக்கொள்ளும். மீன் வெட்டி இழுத்தால் நீண்டுகொடுத்து அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கொஞ்சம் விறைப்பாக இருப்பதால் ஒன்றுக்குள் ஒன்று புதையாமல் மேல் மேலாக உட்காரும். பிரெய்டு இந்த மூன்றில் எதையும் செய்யாது. நைலான் அறுவதற்கு முன் 15 முதல் 25 சதவீதம் வரை நீளும். பிரெய்டு ஏறக்குறைய 3 முதல் 5 சதவீதத்தோடு சரி. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று பெயர் சொல்லி விற்பதெல்லாம் ஒரே வகைப் பாலிஎதிலீன் இழைதான். எண்ணெய் தடவினதுபோல வழுக்கும், துணிபோலத் துவளும். ஆக, நைலான் சும்மா செய்துகொடுத்த அந்த மூன்று வேலைகளையும் இனி நாம்தான் கையால் செய்ய வேண்டும். கீழே வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை இதில் ஏதோ ஒன்றை விட்டதால் வருபவை.

உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்குப் போங்கள். ஆனால் இரண்டாவதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது

டிராக் வாஷரைக் கழற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஸ்பூல் விளிம்பில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். அதற்கு நேராக, சுற்றியிருக்கும் நரம்பின் மேலும் ஒரு புள்ளி. டிராக்கை முழுவதும் இறுக்கிவிட்டு, நரம்பு நுனியை ஒரு கம்பத்தில் கட்டி, கையில் துணி சுற்றிக்கொண்டு மெதுவாக இழுங்கள். இரண்டு புள்ளியும் சேர்ந்து சுழன்றால் கோளாறு டிராக்கில். ஸ்பூல் புள்ளி அசையாமல் நிற்க, நரம்புப் புள்ளி மட்டும் நகர்ந்தால் மொத்தக் கண்டும் ஸ்பூல் மேல் வழுக்குகிறது. கைப்பிடியைச் சுற்றும்போது ஸ்பூல் சுழன்றும் நரம்பு உள்ளே வராமல் இருப்பதும் இதே நோய்தான்.

பிரெய்டை நேரடியாக உலோகத்தின் மேல் கட்டியதால் வருவது இது. முடிச்சு எத்தனை போட்டாலும் முடிச்சோடு சேர்ந்து சுழலும். அடியில் நைலான் சுற்றுவதுதான் வைத்தியம். 10 மீட்டர் இருந்தாலே பிடித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு மேல் சுற்றுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ரீலில் 0.35 மி.மீ. நைலான் 200 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி.இ. 2 (பி.இ. என்பது பிரெய்டின் தடிமனைக் குறிக்கும் எண்) பிரெய்டின் தடிமன் 0.235 மி.மீ. நரம்பு அடைக்கும் இடம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே ஸ்பூல் பிரெய்டை ஏறக்குறைய 440 மீட்டர் பிடிக்கும். கரையிலிருந்து வீசுகிறவருக்கு 200 மீட்டர் தாராளம். மீதி இடத்துக்கு அதே 0.35 நைலான் 110 மீட்டர் போட்டுவிட்டால் ஸ்பூலும் நிறையும், காசும் மிச்சம். நைலானையும் பிரெய்டையும் டபுள் யூனி முடிச்சால் இணைத்தால் போதும். அந்த முடிச்சு வீச்சில் வெளியே வரப் போவதில்லை.

சிலர் எலக்ட்ரீஷியன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி அதன் மேல் பிரெய்டைக் கட்டுவார்கள். வேலை செய்யும். ஆனால் நம் ஊர் வெயிலில் காரில் கிடந்த ரீலில் அந்தப் பசை இளகி அடிநரம்பெல்லாம் பிசுபிசுவென்று ஆகும், உப்புத்தண்ணீரும் அதற்குள் தங்கும். கரையில் நிற்கும்போது வேறு வழியில்லை என்றால் டேப். வீட்டில் உட்கார்ந்து சுற்றும்போது நைலான்.

வீச்சின் நடுவில் டக்கென்று நிற்கிறது, லூர் (செயற்கை இரை) மட்டும் பறந்துபோகிறது

மல்டிப்ளையரில் பிரெய்டு போட்ட எல்லோருக்கும் ஒரு நாள் இது நடக்கும். ஸ்பூல் முழு வேகத்தில் சுழலும்போது, மேல்சுற்று ஒன்று அடிச்சுற்றுகளுக்குள் புதைந்து மாட்டிக்கொள்கிறது. நைலானாக இருந்தால் நீண்டு பிழைத்துக்கொள்ளும். பிரெய்டு நீளாது. லீடர் (பிரெய்டின் நுனியில் இணைக்கும் தடித்த நைலான் துண்டு) முடிச்சு அறும், அல்லது ராடு நுனி போகும். லூரோடு போனால் நட்டம் பணத்தோடு போச்சு. 100 கிராம் ஈயம் அறுந்து பறந்தால், அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதனால்தான் இதை எல்லோரையும் படிக்கச் சொன்னேன்.

எண்ணூர்ப் பக்கம் அலைதடுப்புக் கல்லில் ஒரு காலை நேரம் அடுத்தடுத்து இரண்டு லூரை இப்படி விட்டேன். பிரேக்கைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அண்ணன், பல வருஷமாக அங்கே வீசுகிறவர், ரீலை வாங்கி நரம்பின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் பாதி உள்ளே போனது. “தம்பி, இது கண்டு இல்ல, பஞ்சு. இதுல பிரேக் என்ன பண்ணும்?” என்றார். பிறகு தன் ரீலைக் கொடுத்தார். அழுத்திப் பார்த்தேன். தையல் கடையில் புதிதாக வரும் நூற்கண்டுபோல, நகம் மேலேயே நின்றது. அன்றிலிருந்து நான் யாருடைய ரீலைப் பார்த்தாலும் முதலில் நகத்தை வைப்பேன்.

இறுக்கமாகச் சுற்றுவது இப்படி. பிரெய்டு வந்த சுருளைப் பென்சிலில் கோத்து இன்னொருவர் கையில் கொடுங்கள். ராடில் ரீலை மாட்டி, அடி வளையம் வழியாக நரம்பைக் கோத்துக்கொள்ளுங்கள். ரீலுக்கு முன்னால் நனைத்த பருத்தித் துண்டால் நரம்பைப் பிடித்து, ராடு கொஞ்சம் வளையும் அளவுக்கு இழுவை கொடுத்துக்கொண்டே சுற்றுங்கள். துண்டு கட்டாயம் ஈரமாக இருக்க வேண்டும். இந்த இழை சுமார் 145 டிகிரியிலேயே உருகிவிடும். நைலான் அதைவிட வெகுவாகத் தாங்கும். காய்ந்த துணியில் வேகமாக உரசினால் சூடு துணியில் மட்டுமல்ல, இழையிலும் ஏறும். 200 மீட்டர் சுற்றி முடிக்கையில் கை வலிக்கும். வலிக்காவிட்டால் இறுக்கம் போதவில்லை என்று அர்த்தம்.

ஆனால் ஒருமுறை இறுக்கிச் சுற்றிவிட்டால் முடிந்துபோகிற வேலை இல்லை இது. இறுக்கம் குலையும் நேரங்கள் சில உண்டு. லூரைத் தட்டித் தட்டி இழுக்கும்போது ஒவ்வொரு தட்டலுக்குப் பின்னும் ஒரு தொய்வு ஸ்பூலில் ஏறுகிறது. எதிர்நீரோட்டத்தில் லூர் நம்மை நோக்கி வரும்போதும் அப்படியே. அதனால் ராடைப் பிடிக்கும் கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நரம்பை லேசாகக் கிள்ளிக்கொண்டே சுற்றும் பழக்கம் வர வேண்டும். ஒரு வாரத்தில் வந்துவிடும்.

பாறையில் மாட்டியதை ரீலாலேயே இழுத்து அறுப்பது இதைவிட மோசம். மொத்த இழுவையும் ஸ்பூலில் இருக்கும் கடைசிச் சுற்றில் விழுந்து, அது அடியில் கத்திபோல இறங்கிவிடும். கையில் சுற்றியும் இழுக்காதீர்கள், சதை அறும். ஒரு அடி நீள மரக்கட்டை அல்லது பழைய விளக்குமாற்றுக் கழி பையில் இருக்கட்டும். நரம்பை அதில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, ராடை நேராக நீட்டிவிட்டுப் பின்னால் நடந்தால் தானாக வரும் அல்லது அறும். அப்புறம் அடுத்த வீச்சுக்கு முன், ஸ்பூலிலிருந்து நரம்பைக் கையால் உருவிப் பாருங்கள். புதைந்த இடம் வந்ததும் சரக்கென்று தடுக்கும். அதைத் தாண்டிப் பத்து மீட்டர் உருவிவிட்டு, விரலால் கிள்ளியபடி திரும்பச் சுற்றுங்கள். பெரிய மீன் ஒன்றைப் போராடி ஏற்றிய பிறகும் இதே வேலைதான். அந்த நேரத்தில் கை பரபரக்கும், உடனே வீசத் தோன்றும். அந்த இரண்டு நிமிஷத்தைக் கொடுத்துவிடுங்கள்.

லெவல்விண்ட் (நரம்பை இடமும் வலமும் தானாக அடுக்கும் பாகம்) இல்லாத ரீலில் இன்னொன்று: நைலானைப்போல ஒட்டி ஒட்டி அடுக்காதீர்கள். கட்டைவிரலால் நரம்பை இடமும் வலமும் வேகமாகக் கொண்டுபோய், குறுக்கும் நெடுக்குமாக உட்கார விடுங்கள். குறுக்கே கிடக்கும் சுற்று கீழே புதையாது.

ஒவ்வொரு வீச்சிலும் குருவிக்கூடு

மல்டிப்ளையரில் ஸ்பூல் தானே சுழன்று நரம்பைக் கொடுக்கிறது. லூர் போகும் வேகத்தைவிட ஸ்பூல் வேகமாகச் சுழன்றால், வெளியே போகாத நரம்பு உள்ளேயே குவிந்து குருவிக்கூடாகிறது. பிரெய்டு துவளும் என்பதால் குவிவது சட்டென்று நடக்கும். எப்போது குவிகிறது என்று பாருங்கள், காரணம் தெரிந்துவிடும்.

வீசத் தொடங்கியதுமே என்றால் வெட்டி வீசுகிறீர்கள். மெதுவாக ஆரம்பித்து, போகப் போக வேகம் கூட்டுங்கள். நடுவானில் என்றால் எதிர்காற்று, அல்லது ரீலின் அளவுக்கு லூர் எடை போதவில்லை. கடைசியில் என்றால் லூர் தண்ணீரைத் தொடும்முன் கட்டைவிரல் வைக்கவில்லை. இந்தக் கடைசியை எந்த பிரேக்கும் காப்பாற்றாது.

பிரேக்கை அமைக்கும் வரிசை: முதலில் ஸ்பூல் பக்கத்துத் திருகை, லூரைத் தொங்கவிட்டு ஸ்பூலை விடுவித்தால் லூர் மெல்ல இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிடும் அளவுக்கு இறுக்குங்கள். காந்தமோ, சுழலும் குண்டுகளோ, எந்த வகை பிரேக் இருந்தாலும் அதிகபட்சத்தில் வைத்துத் தொடங்கி, பத்து வீச்சுக்கு ஒரு படி குறையுங்கள். தூரம் கொஞ்சம் குறையும். பரவாயில்லை. சிக்கெடுத்து நிற்கும் அரை மணி நேரத்தில் ஒரு மீனும் வராது.

ஸ்பூலை விளிம்பு வரை நிரப்பியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். விளிம்புக்குக் கீழே 2, 3 மி.மீ. விட வேண்டும். அப்புறம், காய்ந்த பிரெய்டு முதல் வீச்சில் பஞ்சாய் எழும். முதல் வீச்சை அரை பலத்தில் போட்டு நரம்பை நனைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கை எடுக்கும்போது கண்ணில் படும் வளையத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், அது முடிச்சாகிவிடும். டிராக்கை இறுக்கி, கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை மூன்று, நான்கு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு விடுவித்து நரம்பை மெதுவாக இழுங்கள். தடுத்தால் மறுபடி அழுத்தி, சுற்றி, இழுப்பது. பத்தில் எட்டுச் சிக்கு இப்படியே அவிழ்ந்துவிடும். அவிழாததற்குக் கம்பளி பின்னும் கொக்கி ஊசி நல்லது; கூர் ஊசி இழையைக் குத்திப் பிரித்துவிடும்.

நரம்பு ஸ்பூலுக்கும் பக்கத் தட்டுக்கும் நடுவே போய்விடுகிறது

1952-இல் ஸ்வீடனின் அபு நிறுவனம் ஆம்பாசடர் 5000-ஐக் கொண்டுவந்த காலத்தில் பிரெய்டு நரம்பு இன்றைய மெல்லிசில் இல்லை. இந்த இழைகள் தூண்டிலுக்கு வந்ததே 1990களில்தான். 0.35 மி.மீ. நைலான் நுழையாத இடைவெளியில் 0.16 பிரெய்டு நுழைந்துவிடும். உள்ளே போன நரம்பு அச்சில் சுற்றிக்கொண்டு, பேரிங்கை மாட்டிக் கிரீஸில் புரளும். ரீல் திடீரென்று கனத்தால் கைப்பிடியை முறுக்காதீர்கள். பக்கத் தட்டைத் திறந்து கையால் எடுங்கள்.

தாத்தா காலத்து ரீல், பெரிய கடல் ரீல் என்றால் பி.இ. 3 (0.285 மி.மீ.) அல்லது அதற்கு மேல் போடுவது பாதுகாப்பு. மெல்லிய பிரெய்டு வேண்டும் என்றால் அதற்கென்றே வடிவமைத்த ரீல்தான். தொய்வாக வீசுவதும் அளவுக்கு மேல் நிரப்புவதும்கூட நரம்பை விளிம்பு தாண்டி வழிய வைக்கும்.

வீசும்போது கட்டைவிரல் வழுக்குகிறது, அறுகிறது

கனமான ஈயத்தை வேகமாக வீசும்போது அத்தனை பலத்தையும் கட்டைவிரல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஈரப் பிரெய்டின் மேல் அந்தப் பிடி நிற்காது. விரல் முன்னதாகவே வழுக்கினால் ஈயம் பக்கவாட்டில் பறக்கும், நரம்பு விரலில் இறங்கும். காயம் ஆழமாக இருக்கும். இங்கிலாந்தில் கடற்கரையிலிருந்து தூரம் வீசுகிறவர்களில் பலர் மல்டிப்ளையருக்கு இன்றும் நைலானையே விரும்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது: 150 கிராம் ஈயத்தை முழு பலத்தில் வீசுவதுதான் உங்கள் மீன்பிடி என்றால், நானும் நைலானைத்தான் சொல்வேன்.

பிரெய்டுதான் என்று முடிவு செய்தால், தடித்த நைலான் லீடர் கட்டாயம். ஈயம் ஒவ்வொரு 28 கிராமுக்கும் லீடர் 10 பவுண்டு என்பது அவர்களுடைய பழைய கணக்கு. 100 கிராமுக்கு 40 பவுண்டு, 150 கிராமுக்கு 60 பவுண்டு என்று வாங்குங்கள். வீசத் தயாராக ஈயம் தொங்கும் நிலையில் ஸ்பூலில் லீடர் ஆறேழு சுற்று இருக்க வேண்டும். அப்போது விரல் அழுத்துவது பிரெய்டை அல்ல, நைலானை. லீடர் முடிச்சை ஸ்பூலின் ஓரமாக ஒதுக்கிவிட்டு வீசுங்கள். ரப்பர் விரலுறை போட்டுக்கொள்ளுங்கள், சைக்கிள் டியூப்பில் வெட்டின துண்டானாலும் சரி. பின்னால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கடற்கரையில் குழந்தைகள் எப்போது ஓடிவருவார்கள் என்று சொல்ல முடியாது.

20, 30 கிராம் லூர் வீசுகிறவர்களுக்கு இவ்வளவு வேண்டாம். ஒரு மீட்டர் லீடர் போதும். முடிச்சு ராடு நுனிக்கு வெளியே நின்றால் வளையத்திலும் லெவல்விண்டிலும் இடிக்காது.

அறுந்து அறுந்து போகிறது

அறுந்த நுனியைத் தூக்கி எறியாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

நுனி பஞ்சாகப் பிரிந்து, அதற்கு முன்னால் ஒரு முழத்துக்குச் சொரசொரவென்று இருந்தால் கல்லிலோ, கல்லில் ஒட்டிய சிப்பியிலோ உரசியிருக்கிறது. இழுத்தால் அறாத பிரெய்டு, உரசினால் நைலானைவிட வேகமாகப் போகும். அலைதடுப்புக் கல்லில் நின்று கலவா, பாறை மீன் பிடிப்பவர்கள் லீடரை இரண்டு மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். எட்டு இழைப் பின்னலைவிடச் சற்றுத் தடித்த நான்கு இழைப் பின்னல் இங்கே நன்றாகத் தாங்கும், வளையத்தில் சத்தம் போட்டாலும்.

கத்தரியால் வெட்டினதுபோல நுனி நேராக இருந்தால் பல். வஞ்சிரமும் ஷீலாவும் இருக்கும் தண்ணீரில் லூருக்கு முன்னால் ஒரு சாண் கம்பி இல்லாமல் வீசக் கூடாது.

லீடர் முனை எங்கும் அறாமல் முழுசாகத் திரும்பி வந்தால் முடிச்சு உருவிக்கொண்டது. நைலானுக்குப் போட்டுப் பழகிய கிளிஞ்ச் முடிச்சு பிரெய்டில் நிற்காது. லீடரோடு இணைக்க எஃப்.ஜி. முடிச்சு, இருபது சுற்றாவது. எச்சில் தொட்டு நனைத்து, கையுறை போட்டு இரண்டு பக்கமும் இழுத்தால் பிரெய்டின் நிறம் அடர்ந்து கருக்கும். அந்த நிறம் மாறும்வரை முடிச்சு இறுகவில்லை. படகு ஆடும்போது எஃப்.ஜி. போட வரவில்லை என்றால் டபுள் யூனி, பிரெய்டுப் பக்கம் எட்டுச் சுற்று, லீடர் பக்கம் நான்கு. கொக்கியிலோ சுழலியிலோ நேரடியாகக் கட்டுவதற்குப் பாலமர் முடிச்சு.

ஒவ்வொரு முறையும் காரணமே இல்லாமல் அறுகிறதா? காது குடையும் பஞ்சை ராடின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றுங்கள். லெவல்விண்டின் கண்ணிலும். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே கீறல் இருக்கிறது. நுனி வளையத்தைத்தான் முதலில் பாருங்கள்.

மீன் மாட்டுகிறது, பாதி வழியில் முள் கழன்றுவிடுகிறது

30 பவுண்டு பிரெய்டு என்றதும் டிராக்கை முழுவதும் இறுக்கிவிடுகிறார்கள். நரம்பு தாங்கும். மீனின் வாய் தாங்காது, முள் வாயைக் கிழித்துக்கொண்டு வரும். ராடும் தாங்காது. 30 பவுண்டு என்றால் 13.6 கிலோ, டிராக் அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது மூன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். லீடர் அதைவிட மெலிந்தது என்றால் கணக்கு லீடருக்கு. காய்கறி நிறுக்கும் தொங்கு தராசைக் கொக்கியில் மாட்டி, ராடை வளைத்து இழுத்து அளந்து பாருங்கள். கையால் இழுத்துப் பார்த்து மூன்று கிலோ என்று நினைப்பது பெரும்பாலும் ஒன்றரைதான், சிலருக்கு ஐந்து. கொடுவா கரைக்குப் பக்கத்தில் வந்து தலையை உதறித் துள்ளும்போது ராடு நுனியைத் தாழ்த்திக் கொஞ்சம் கொடுங்கள். நைலான் கொடுத்த நீட்சியை இங்கே கைதான் கொடுக்க வேண்டும்.

நரம்பு வெளுத்துவிட்டது, சொரசொரக்கிறது. ஸ்பூலில் வெள்ளைப் பொடி

நிறம் போவதால் பலம் போகாது. வெளுப்புக்குப் பயந்து நரம்பை மாற்ற வேண்டாம். சொரசொரப்புதான் கவலைக்குரியது. வெள்ளைப் பொடி உப்பு, அல்லது அலுமினிய ஸ்பூல் அரிக்கத் தொடங்கியது. பின்னலின் இடுக்குகளில் பிரெய்டு கடல்நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு ரீலுக்குள் கொண்டுவருகிறது. கடலிலிருந்து வந்த அன்றே ஸ்பூலைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு, நிழலில் காய வையுங்கள். ரீல் மேல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் உப்பு இன்னும் உள்ளேதான் போகும்.

வீச்சில் தேய்வது எப்போதும் முன்பக்க 50, 60 மீட்டர்தான். அடியில் இருப்பது வெயில்கூடப் படாத புது நரம்பு. அதனால் சொரசொரப்பு வந்ததும் மொத்தத்தையும் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால் இன்னொரு ஆயுள் கிடைக்கும். காலியான மைதானத்தில் நுனியைக் கம்பத்தில் கட்டி, நடந்துகொண்டே நைலான் முடிச்சு வரை முழுவதும் விட்டு, அங்கே வெட்டிப் பிரெய்டைத் தரையில் விடுங்கள். கம்பத்துக்குத் திரும்பி வந்து, அந்த நுனியை அவிழ்த்து ஸ்பூலில் இருக்கும் நைலானோடு இணைத்து, அங்கிருந்து சுற்ற ஆரம்பியுங்கள். ஈரத் துண்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். மண்ணில் புரண்ட நரம்பு என்பதால் துண்டை இருபது மீட்டருக்கு ஒருமுறை மடிப்பு மாற்றிப் பிடியுங்கள். சுற்றி முடித்ததும் நகத்தை வைத்து அழுத்திப் பாருங்கள்.